கரிச்சானுக்குச் சொந்தப் பாட்டு இல்லாமல் போன கதை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் சபை லீதியாள் அக்கா. என் மகன் என்னைப் "பூமர்" என்று சொல்ல, அது வசவா வாழ்த்தா என்று தெரியாமல் நான் விழித்த வருஷம், உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்கையில் சொன்னார்.

அந்தக் காலத்தில், பறவைகள் பேசித் திரிந்தபோது, ஆண்டவர் ஆளுக்கு ஒரு குரல்தான் கொடுத்திருந்தார். அடுத்தவர் குரலில் பேசினால் சொந்தப் பாட்டு போய்விடும் என்பது கட்டளை. வாலில் இரண்டு துடுப்பு தொங்குமே, அந்தக் கரிச்சானுக்குக் காட்டிலேயே இனிய பாட்டு.

அதற்கு ஒரு கிறுக்கும் உண்டு. தவிட்டுக்குருவிக் குஞ்சுகள் வருஷத்துக்கு வருஷம் புதுச்சொல் உண்டாக்கும். கரிச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கிச்சான்னா என்னப்பா?" என்று கேட்கும்.

"கொழுத்த புழு, சித்தப்பா! இதுகூடத் தெரியாதா?"

கேட்டதை மனசில் அடுக்கிக்கொள்ளும். தாய்க்குருவிக்கு அது பிடிக்காது.

"கொழுந்தனாரே, சின்னதுக உளறுறதைப் பொறுக்கிட்டுத் திரியிறீரே, வேற சோலி இல்லையா?"

"உளறல் இல்லை மதினி. ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் வச்சிருக்காங்க."

"அர்த்தமாம், அர்த்தம்!"

தவிட்டுக்குருவிகள் தரையில் மேயும்போது ஒன்று மட்டும் கிளையில் காவல் இருக்கும். ஒருநாள் அந்த முறை மூத்த குஞ்சுக்கு. கீழே தாயும், பறக்கத் தெரியாத கடைக்குட்டியும் சருகைக் கிளறிக்கொண்டிருந்தன.

"டொய்ங்கு! டொய்ங்கு!" என்று கத்தியது மூத்தது.

"ஆரம்பிச்சிட்டான்" என்று சிரித்த தாய், தலையைத் தூக்கவே இல்லை.

பக்கத்துக் கிளையில் இருந்த கரிச்சானுக்கு அர்த்தம் தெரியும். டொய்ங்கு என்றால் வல்லூறு. போன வாரம்தான் கேட்டு வைத்திருந்தது. நிமிர்ந்தால், வல்லூறு கடைக்குட்டியைக் குறிவைத்து இறங்குகிறது. தன் குரலில் சொன்னால் மதினி காதிலேயே வாங்கமாட்டாள். கட்டளையும் நினைவில் வந்தது. ஒரு நொடிதான். தவிட்டுக்குருவியின் குரலிலேயே, "வல்லூறு! புதருக்குள்ள ஓடு!" என்று அலறிவிட்டது.

தாய் குஞ்சைத் தள்ளிக்கொண்டு முள்ளுக்குள் பாய்ந்தது. வல்லூற்றின் நகத்தில் இரண்டு சருகுதான் சிக்கியது.

முள்ளை விட்டு வெளியே வந்த தாய், "பிள்ளைக்குப் பயம் தெளிய ஒரு பாட்டுப் பாடும், கொழுந்தனாரே" என்றது.

கரிச்சான் வாயைத் திறந்தது. தவிட்டுக்குருவியின் குரல் வந்தது. அப்புறம் மைனாவுடையது, கிளியுடையது. தன்னுடையது மட்டும் வரவில்லை.

தன் குரலில் அலறியது யாரென்று தாய்க்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு கிட்டே வந்து உட்கார்ந்து, "வேற என்னென்ன சொல்லுதுக என் பிள்ளைக? ஒண்ணொண்ணா சொல்லும்" என்றது.

அன்று முதல்தான் கரிச்சான் கேட்ட குரலிலெல்லாம் பேசித் திரிகிறது. தவிட்டுக்குருவிகளும் அதைக் கூடவே வைத்துக்கொண்டு மேய்கின்றன.

உங்கள் பிள்ளைகள் புதுசாய் ஏதாவது சொன்னால், அர்த்தம் கேட்டு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.