விடவேண்டிய பக்கம்

தான் வாத்து மேய்க்கும் ஏரியில் வேலி போட அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டு, செங்கமலம் பதினோரு மாதமாகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தாள்.

"ஏரிக் கோப்பு பிடிஎஃப்ல நானூறு பக்கம். வேண்டியதை மட்டும் பிரிக்க வழியே இல்லம்மா" என்று கையை விரித்தார் தாசில்தார் கனகசபாபதி.

"பிரவுசர்லயே திறந்து பிரிண்ட் அமுக்குங்க சார். பிரிண்டருக்குப் பதிலா பிடிஎஃப்னு போட்டு, பக்க எண்ணை அடிங்க. அது மட்டும் தனியா வந்துடும்."

அடித்தார். வந்தது! தாசில்தார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, நடுவுல ஒரே ஒரு பக்கத்தை விட்டுட்டு மத்ததை எடுக்க முடியுமா?"

"தாராளமா. எந்தப் பக்கத்தை விடணும் சார்?"

"நூத்திப் பதினெட்டு."

"எனக்கு அது ஒண்ணே போதும் சார்" என்றாள் செங்கமலம்.