ஜெசிந்தா கேட்ட பவுடர்

“எந்தப் பவுடர் வாங்கணும் மாஸ்டர்?”

ஜெசிந்தா நீட்டிய தாளில் நான்கு பெயர்கள் இருந்தன. கடைக்காரர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவை. கான்சன்ட்ரேட், ஐசொலேட், ஹைட்ரோலைசேட், மாஸ் கெயினர். எல்லாமே பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன்தானாம். ஆனால் ஒன்றுபோல் ஒன்று இருக்காதாம்.

செண்பகவல்லி தாளை வாங்கவில்லை. கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயது. பளுதூக்கும் போட்டிகளில் கலந்துகொண்டவள். தூத்துக்குடியில் பெண்களுக்கென்று அந்த ஜிம்மை நடத்தினாள். அங்கே வருகிற எல்லோருக்கும், ஐம்பத்துமூன்று வயது ஜெசிந்தாவுக்கும்கூட, அவள் மாஸ்டர்தான்.

“எதுக்கு?” என்றாள்.

“பலம் வரணும்.”

“எதுக்குப் பலம்?”

“எழுபத்தெட்டு கிலோ தூக்கணும்.”

கண்ணாடி முன்னால் நின்ற இரண்டு கல்லூரிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

“எங்க வீட்டுக்காரர்,” என்றாள் ஜெசிந்தா. “அவரோட எடை அது.”

சிரிப்பு நின்றது.

லூர்துராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐந்து மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று. பேச்சிலும் இரண்டு மூன்று சொற்கள்தான் மிஞ்சின.

போன மாதம் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது ஜெசிந்தாவின் முதுகு பிடித்துக்கொண்டது. இருவரும் விழுந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து தூக்கும்வரை தரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் இறங்கவே சம்மதிக்கவில்லை. ஜெசிந்தா கையைக் கொண்டுபோனால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வார்.

“மஸ்கட்டுல இருந்து மக லீவுல வாரா. இன்னும் மூணு மாசம். அதுக்குள்ள என்னால முடியலன்னா அப்பாவ ஹோம்ல சேத்துருவோம்னு சொல்லுதா. அவ சொல்லுததும் தப்புன்னு சொல்ல முடியாது.”

செண்பகவல்லி துணியை உதறிப் போட்டாள்.

“நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டிய?”

“சோறுதான்.”

“சோத்தோட?”

“ரசம்.”

“மீன் எடுக்கலையா?”

“சாளை எடுத்தேன். அவருக்குப் பொரிச்சேன்.”

“உங்களுக்கு?”

“ரசம் இருந்ததே மாஸ்டர்.”

செண்பகவல்லி ஒரு மூங்கில் கழியை அவள் கையில் கொடுத்தாள்.

“முதுகு வளையாம, முட்டிய மடக்கி எந்திரிங்க. இருபது தடவ.”

“பவுடர்?”

“இருபது தடவ.”

*

பத்து நாள் கழித்து ஜெசிந்தா மறுபடியும் அதே தாளை நீட்டினாள். நடுவே மடிப்பு கிழிந்திருந்தது.

“பால் குடிச்சா வயிறு எப்படி இருக்கும்?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

“கடமுடன்னு கெடக்கும்.”

“ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொன்னேனே?”

“பண்ணிட்டேன். சிறுநீரகம் நல்லாருக்குன்னு டாக்டர் சொன்னாரு. எடுத்துக்கிடலாமாம்.”

செண்பகவல்லி இரண்டாவது பெயரின் மேல் விரலை வைத்தாள். ஐசொலேட்.

“இதுல பாலோட சர்க்கரை ரொம்பக் குறைவு. உங்க வயித்துக்குத் தோதுப்படும். டப்பாவத் திருப்பிப் பாருங்க. ஒரு கரண்டிக்குப் புரதம் எவ்வளவு, இனிப்பு எவ்வளவுன்னு போட்டிருக்கும். முன்னால இருக்கிற படத்தப் பாக்காதீங்க.”

“அப்ப மத்த மூணும்?”

“மத்தவங்களுக்கு.”

ஜெசிந்தா அன்றே வாங்கினாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டப்பாவைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

*

ஒரு மாதம் ஆயிற்று. கழி போய்க் கம்பி வந்தது. கம்பியில் தட்டு ஏறியது. முப்பது கிலோவோடு நின்றுவிட்டது.

முப்பத்தைந்து வைத்தால் கம்பி தரையை விட்டுக் கிளம்ப மறுத்தது. ஒரு வாரம் முயன்றாள். எட்டாம் நாள் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“பவுடர் சரியில்ல மாஸ்டர். டப்பாவே தீரப்போவுது. வேற மாத்திக் குடுங்க.”

செண்பகவல்லி அவள் தோளைப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள். ரவிக்கையின் கை தொளதொளத்துக் கிடந்தது.

“வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?”

“அவருக்கென்ன, கன்னம் கூட கொஞ்சம் தெளிஞ்சிருக்கு,” என்றாள் ஜெசிந்தா.

சொன்ன பிறகுதான் வாயை மூடிக்கொண்டாள்.



“அவர் நோயாளி மாஸ்டர். அவரப் படுக்கையில வச்சுக்கிட்டு, சத்தான பொருள நான் ஒருத்தி எப்படிக் குடிக்க? தொண்டைக்குள்ள இறங்குமா?”

செண்பகவல்லி திட்டவில்லை. ரப்பர் விரிப்பில் மல்லாந்து படுத்து, கைகால்களைத் துவளவிட்டாள்.

“தூக்குங்க.”

“உங்களையா?”

“ஐம்பத்தெட்டு கிலோதான்.”

ஜெசிந்தா குனிந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே முட்டியை மடக்கினாள். அக்குளுக்கு அடியில் கைகொடுத்து இழுத்தாள். தோள் ஒரு சாண் எழுந்தது. அதற்குமேல் எழவில்லை. பல்லைக் கடித்தாள். வியர்வை செண்பகவல்லியின் நெற்றியில் சொட்டியது. மெல்ல இறக்கிவிட்டாள்.

செண்பகவல்லி படுத்தபடியே கேட்டாள்.

“கீழ கெடக்குறவங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க.”

“என்ன?”

“தூக்குதவங்க கை நடுங்குதது தெரியும்.”

ஜெசிந்தா தன் கைகளைப் பார்த்தாள். இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

“இனி எந்தப் பவுடர் வாங்கணும், யாரு குடிக்கணும்னு என்கிட்ட கேக்காதீங்க,” என்று எழுந்தாள் செண்பகவல்லி. “அவர்கிட்ட கேளுங்க.”

*

டப்பாவின் அடியில் ஒரு கரண்டி மிச்சமிருந்தது.

ஜெசிந்தா அதைத் தண்ணீரில் கலக்கி எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். தம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். லூர்துராஜ் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு மாதமாக இப்படித்தான். ருசி பிடிக்கவில்லை என்று நினைத்து, கெஞ்சிக் கொஞ்சிக் குடிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று கெஞ்சவில்லை.

“இது யாருக்குங்க?” என்று கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். உதடு கோணியது. சொல் வர நேரமாயிற்று. ஜெசிந்தா காத்திருந்தாள்.

“நீ,” என்றார்.

இடது கையால் தம்ளரைத் தொட்டு, அவள் பக்கமாகத் தள்ளினார். கொஞ்சம் சேலையில் சிந்தியது.

“நீ... நீ...”

ஜெசிந்தா குடித்தாள். பாதியில் அழுகை வந்தது. அழுதுகொண்டே மீதியையும் குடித்தாள். கடைசி மடக்கு உள்ளே போகும்வரை அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாளை பொரித்தபோது இரண்டு தட்டு வைத்தாள். அவர் தட்டை முடித்ததும், அவள் தட்டை எட்டிப் பார்த்தார். முள் மட்டும் கிடந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

புது டப்பா வந்தது. அதே ஐசொலேட்தான். தினமும் காலையில் ஜிம்மிலிருந்து வந்ததும் அவர் கண்முன்னே உட்கார்ந்து குடித்தாள். குடிக்காமல் அடுப்படிக்குப் போனால் அவர் கட்டில் சட்டத்தைத் தட்டினார்.

இரண்டாவது வாரம் முப்பத்தைந்து கிளம்பியது. நாற்பது. நாற்பத்தைந்து.

“எழுபத்தெட்டுக்கு எப்ப போவோம் மாஸ்டர்?”

“அவரோட இடது கால் நல்லாத்தானே இருக்கு?”

“இருக்கு.”

“அது சும்மாவா இருக்கும்? பாதிப் பாரத்த அது தாங்கிக்கிடும்.”

மகள் ரோஸ்லின் வரப் பதினொரு நாள் இருந்தது. ஜெசிந்தா காலையில் ஜிம்மிலிருந்து திரும்பி வந்தாள். தம்ளரைக் காலி செய்து கீழே வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் துடைக்கலாம் என்று நகர்த்தினாள். சும்மா துடைக்கத்தான்.

கட்டிலில் சலசலப்புக் கேட்டுத் திரும்பினாள்.

லூர்துராஜ் சட்டத்திலிருந்து கையை எடுத்திருந்தார். அந்தக் கையால் காலின்மேல் கிடந்த போர்வையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். முழுதும் தள்ளி முடித்ததும் இடது காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றினார்.

“வா,” என்றார்.