மூச்சு இல்லை

"இன்னும் எத்தனை நாளைக்கு சிஸ்டர் இந்தப் பொம்மையோட மல்லுக்கட்டணும்?" என்று கேட்டாள் பொன்னுருவி.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. மேல்மலையில் நாலு ஊருக்கு அவள்தான் பிரசவம் பார்ப்பவள். இருபத்தாறு வருடத்தில் எத்தனை பிள்ளைகளைக் கையில் வாங்கினாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது.

சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு முப்பத்து நாலு. அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். மலையில் பிரசவம் பார்க்கும் பெண்களுக்கு அங்கே ஒரு மாதப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா பச்சைப்பிள்ளை அளவு ரப்பர் பொம்மையை எடுத்துப் பொன்னுருவியின் கையில் போட்டாள்.

"மூச்சு இல்ல."

பொன்னுருவி அதைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். முதுகில் இரண்டு தட்டு. இத்தனை வருடமும் அப்படித்தான்.

ஜெசிந்தா பொம்மையை வாங்கி மேசையில் கிடத்தினாள். ஒரு துணியை எடுத்து முகத்தோடு சேர்த்து மூடினாள்.

பொன்னுருவிக்குச் சுருக்கென்றது.

"சரி, சொல்லுங்க."

"ஈரம் போகத் துடைங்க. முதுகைத் தேய்ங்க. அப்பவும் அழலையா, மல்லாக்கப் போட்டுக் கழுத்தை லேசா நிமித்துங்க. வாயும் மூக்கும் மறையிற மாதிரி இந்த மாஸ்கை வச்சுக் காத்துப் பையை அமுக்குங்க. நெஞ்சு எழும்புதான்னு பாருங்க. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள."

அதற்குப் பிறகு ஜெசிந்தா நேரம் காலம் பார்க்கவில்லை. பொன்னுருவி சோற்றில் கை வைத்திருப்பாள், பொம்மை மடியில் வந்து விழும். துணி அலசிக்கொண்டிருப்பாள், பின்னாலிருந்து குரல் வரும்.

"மூச்சு இல்ல."

"இந்தப் பொண்ணுக்கு என்னமோ புடிச்சிருக்கு" என்று பொன்னுருவி மற்றவர்களிடம் முணுமுணுத்தாள். ஆனாலும் ஈரக்கையோடு ஓடினாள்.

இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்சீட்டில் செவத்தி என்ற பெண், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அன்று வரும் நாள் இல்லை. மற்றப் பெண்கள் ஊருக்குள் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

மேசையில் ஏற்றிய ஐந்தாவது நிமிடம் பிள்ளை பிறந்துவிட்டது.

ஆண் பிள்ளை. நீலம் பாரித்து, பிழிந்து போட்ட துணி மாதிரி துவண்டு கிடந்தது. சத்தமே இல்லை.

தொப்புள்கொடியை வெட்டியதும் பொன்னுருவி பிள்ளையை ஜெசிந்தாவிடம் நீட்டினாள்.

ஜெசிந்தாவின் இரண்டு கையும் செவத்தியின் அடிவயிற்றில் இருந்தன. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு இங்க ஒரு உயிர் இருக்கு" என்றாள். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

பொன்னுருவி துடைத்தாள். தேய்த்தாள். அழவில்லை.

மாஸ்கை வைத்து அமுக்கினாள். நெஞ்சு எழும்பவில்லை.

கை நிற்கவில்லை. கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தியது. மாஸ்கை எடுத்து மறுபடி அழுத்தி வைத்தது. அமுக்கியது.

நெஞ்சு எழும்பியது.

அமுக்க அமுக்க எண்ணத் தொடங்கினாள். முப்பத்தேழில் பிள்ளை ஒருமுறை விக்கியது. நாற்பத்தொன்றில், எழுப்பிவிட்ட ஆத்திரத்தோடு வீறிட்டது.

அப்போதும் ஜெசிந்தா திரும்பவில்லை.

"செவத்தி, உன் மகன் கோவக்காரன்" என்று மட்டும் சொன்னாள்.

அரை மணி நேரத்தில் செவத்தியின் ரத்தப்போக்கு நின்றது. பிள்ளை அவள் மார்பில் வாய் வைத்தது.

இருவரும் வெளியே குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள்.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலையே சிஸ்டர்?"

"பாத்திருந்தா நீங்க பிள்ளையை விட்டுட்டு என் முகத்தைப் பாத்திருப்பீங்க."

பொன்னுருவி படியில் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், செத்துப் பொறந்திருக்குன்னு நானே சொல்லி, நானே குழி வெட்டச் சொன்ன பிள்ளைங்க ஒம்பது. இன்னிக்கு இவன் கெடந்த மாதிரிதான் அதுங்களும் கெடந்துச்சுங்க."

ஜெசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மூணு. நர்ஸ் படிப்பு முடிச்சு வந்த மொத வருஷம். எல்லாம் படிச்சுத்தான் இருந்தேன். கை வரலை."

"அந்தத் தாய்மாருங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வர்ற திங்கக்கிழமை வடக்கு மலையிலருந்து பதினோரு பேர் பயிற்சிக்கு வர்றாங்க. நீங்கதான் சொல்லிக்கொடுக்கணும்."

பொன்னுருவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"காலையில எத்தனை மணிக்கு?" என்றாள்.