சிவப்பு மை படாத கட்டுரை

மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்கள் முதலில் கோர்ஸ்வொர்க் என்ற பாடப் படிப்பை முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் நெறியாளர். பேராசிரியர் சங்கரபாண்டியனிடம் ஓர் இடம் காலி இருந்தது. அதற்கு ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் தில்லைவாணன். இன்னொருத்தி ஜெனோவா.

அவர் திருத்திய கோர்ஸ்வொர்க் கட்டுரைகள் காலையில் திரும்பி வந்தன. மத்தியானம் தில்லைவாணனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் கட்டுரையில் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். ஜெனோவாவின் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஓரத்தில் இடம் போதாமல் பின்பக்கம் வரை ஓடியிருந்தது.

முதலில் சந்தோஷம்தான். மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தான். கேண்டீனில் டீ ஆறுவதற்குள் அது போய்விட்டது. இவ்வளவு எழுத மனுஷன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்? அந்த நேரம் யாருக்குப் போனது?

நேரே அவர் அறைக்குப் போனான்.

"சார், நான் பாஸா?"

"பாஸ்தான்."

"ஜெனோவா?"

"அதுவும் பாஸ். நீ எதுக்கு வந்த, அதைச் சொல்லு."

"அவங்களுக்கு அவ்வளவு திருத்தியிருக்கீங்க. எனக்கு ஒரு புள்ளி கூட வைக்கல."

"வைக்கலைன்னா சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க. நீ சண்டைக்கு வர்ற."

தில்லைவாணன் நகரவில்லை.

பேராசிரியர் சிவப்புப் பேனாவை அவன் பக்கம் உருட்டிவிட்டார். "உட்காரு. உன் கட்டுரையை எடு. அதுல நான் ஏற்கெனவே எழுதினதையெல்லாம் அடி."

அவன் விழித்தான். அவருக்குப் பிடிக்கும் என்று அவருடைய பழைய ஆய்வுகளைத் தேடித் தேடி மேற்கோள் காட்டியிருந்தான். முன்னுரையில் அவர். கோட்பாட்டில் அவர். முடிவுரையிலும் அவரே.

அடித்தான். பக்கம் பக்கமாகச் சிவந்தது. மிஞ்சியது ஒரே ஒரு வரி. அவன் முன்பு வேலை பார்த்த ஜவுளிக்கடையில், விற்பனைப் பெண்களுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தும் ஒருத்தியும் உட்காரவில்லை என்ற வரி.

பேராசிரியர் பேனாவை வாங்கி, அதன் பக்கத்தில் 'ஏன்?' என்று எழுதினார்.

"ஏன் உட்காரல?"

"தெரியல சார்."

"போய்க் கேளு."

தில்லைவாணன் எழுந்தான். கதவு வரை போனவன் நின்றான். மனசு ஆறவில்லை.

"ஜெனோவா கட்டுரையில இந்த மாதிரி 'ஏன்' நிறைய இருக்கு, இல்ல சார்?"

"காலையில அந்தப் பொண்ணு இங்க வந்து அழுதுச்சு. உன் கட்டுரை மட்டும் சுத்தமா இருக்காம். இடம் உனக்குத்தான்னு அதுவே முடிவு பண்ணிடுச்சு."

தில்லைவாணனுக்கு உள்ளுக்குள் இனித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கேட்டான்.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதோட கட்டுரையைச் சத்தமா வாசிக்கச் சொன்னேன்."

"அப்புறம்?"

"முதல் பக்கம் முடியல. உன்னை மறந்துட்டு, என் திருத்தமெல்லாம் தப்புன்னு வாதாட ஆரம்பிச்சிடுச்சு."