கிளிப் வாசலைத் தாண்டக் கூடாது

மிட்டாய்க் கம்பெனி முதலாளி அருணகிரி அண்ணாச்சியிடம் வேலை பார்ப்பதற்குக் கல்லுடைக்கப் போகலாம். டேப் செலவு மிச்சம் என்று அட்டைப்பெட்டி மூடும் பிளாஸ்டிக் கிளிப் வாங்கிப் போட்டார். கழற்றிக் கழற்றி மாட்டலாமாம். முதல் லோடில் போன கிளிப் ஒன்றாவது திரும்பி வரவேண்டுமே! கடைக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள்.

கோபம் பெட்டி கட்டும் மாடத்தி மேல் பாய்ந்தது.

"இனி ஒரு கிளிப்கூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது. டேப்பும் கிடையாது. பெட்டி மூடினபடியே நாகர்கோவில் போகணும். ஒண்ணு வாயைத் திறந்தாலும் நாளைக்கு நீ வராதே."

மாடத்தி வண்டியில் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கினாள். மேல் பெட்டியின் கனத்தில் கீழ்ப் பெட்டி மூடிக்கொண்டது. உச்சியில் இருந்தது மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

"அதுக்கு என்னளா செய்யப்போறே?"

"ஏறி அது மேல உக்காருங்க அண்ணாச்சி. போயிட்டுத் திரும்பி வந்துருவீங்க. உங்களை எந்தக் கடைக்காரரும் எடுத்து வெச்சுக்க மாட்டாரு."

டிரைவர் சிரித்த சிரிப்பில் ஹாரன் அமுங்கி அலறியது. அண்ணாச்சி கிளிப் மூட்டையை அவிழ்த்தார்.