ஸ்டிரப்புக்குத் தெரியாத வேலை

முன்பு ஒரு மலையூர்க் குதிரை லாயத்தில் இரும்பு வளையம் ஒன்று சேணத்தின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சவாரி செய்பவர் கால் வைக்கிற அந்த வளையத்துக்கு இங்கிலீஷில் ஸ்டிரப் என்று பெயர். பெயரில் இங்கிலீஷ் இருந்தால் போதாதா, தலைகால் புரியவில்லை அதற்கு.

எதிர் ஆணியில் வைக்கோல் கட்டுகிற பழைய கயிறு.

"என்னப்பா, சொந்தக்காரனைக் கண்டும் காணாத மாதிரி தொங்கறே?" என்றது கயிறு.

"யாருக்கு யார் சொந்தம்?"

"உன் பேருக்குப் பழைய இங்கிலீஷ்ல 'ஏறுகிற கயிறு'ன்னு அர்த்தம். உங்க பரம்பரையே கயிறுதான். இரும்பானப்புறம் பேரை மாத்த மறந்துட்டீங்க."

"நைஞ்சு பாதி வழியில அறுந்துபோற குடும்பம் எனக்கு வேண்டாம். மனுஷங்க காதுக்குள்ள ஒரு குட்டி எலும்பு இருக்கு. டாக்டருங்க அதுக்கு என் பேரைத்தான் வச்சிருக்காங்க, தெரியுமா?"

"காதுக்கே பேர் குடுத்தாச்சு, யார் பேச்சும் காதுல ஏறலை" என்று முனகியது சேணம்.

"அறுந்துபோறதும் சமயத்துல ஒரு உதவிதான்" என்றது கயிறு.

"கையாலாகாதவங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க."

மறுநாள் காலை ஜெசிந்தா சவாரிக்கு வந்தாள். கல்லூரிப் பெண். காலில் மெல்லிய கேன்வாஸ் ஷூ.

"குதிகால் இல்லாத ஷூ வேணாம்மா, கால் வளையத்துக்குள்ள வழுக்கிப் போயிடும். பூட்ஸ் போட்டுட்டு வா" என்றார் லாயக்காரர் யாசின் பாய்.

"இன்னிக்கு ஒரு நாள்தானே, பாய்."

"நான் பிடிச்சுக்கறேன், நீ ஏறு" என்று ஸ்டிரப்பும் நெஞ்சை நிமிர்த்தியது.

அவள் ஏறிப் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் சாலை வளைவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. குதிரை மிரண்டு துள்ள, ஜெசிந்தா கீழே விழுந்தாள். விழுந்த வேகத்தில் ஒரு கால் மட்டும் வளையத்துக்குள் கணுக்கால் வரை நுழைந்து சிக்கிக்கொண்டது. குதிரை ஓட்டம் பிடித்தது.

"விடு, விட்டுடு" என்று அலறியது சேணம்.

ஸ்டிரப் விடத்தான் பார்த்தது. வளைந்துகொடுக்கத் தெரியவில்லை. அறுந்துபோகவும் தெரியவில்லை. லாயத்து வேலி வரை தரையோடு தரையாக இழுபட்டாள் அந்தப் பெண். அங்கேதான் யாசின் பாய் குதிரையை மடக்கிப் பிடித்தார்.

உயிர் பிழைத்துவிட்டாள். கால்தான் பழைய கால் இல்லை. அதற்குப் பிறகு லாயத்துப் பக்கமே அவள் வரவில்லை.

ஸ்டிரப்பைக் கழுவித் துடைத்த லாயத்துப் பையன், "நல்ல இரும்பு, ஒரு கீறல்கூட விழலை" என்று மெச்சியபடி ஆணியில் மாட்டினான்.

எல்லோரும் போன பிறகு ஸ்டிரப் மெல்லக் கூப்பிட்டது. "அண்ணே, அறுந்துபோறது எப்படின்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

கயிறு தன் நைந்த நுனியைப் பார்த்துக்கொண்டது.

"கயிறா இருந்தப்பவே அது உனக்குத் தெரிஞ்சிருந்ததே, தம்பி."