எதிர் நாற்காலி

“மாஸ்டர், என் பேரை எழுதாதீங்க.”

ஜெனோவா இப்படிக் கேட்டபோது, கோச் வாகிதா துண்டுச் சீட்டில் பேனாவை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

மாஸ்டருக்கு வயது இருபத்தேழு. ஜெனோவாவுக்கு நாற்பது நடக்கிறது. இவள் அவளை மாஸ்டர் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள். மூன்று வருஷமாக அப்படித்தான் போகிறது.

தாஷ்கண்டில் மகளிர் அணி ஸ்நூக்கர் போட்டி. நாட்டுக்கு மூன்று பேர். அரையிறுதியில் தாய்லாந்துக்கு இரண்டு ஆட்டம், நமக்கு இரண்டு ஆட்டம். கடைசி ஆட்டத்துக்கு ஒருத்தி பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெயித்தால் நாளைக்கு இறுதி ஆட்டம். தோற்றால் நாளைக்கு விமானம்.

“தீபல் பேரை எழுதுங்க மாஸ்டர்.”

“தீபல் நல்லா ஆடுவா. நீங்க ஏன் ஆட மாட்டீங்க? அதைச் சொல்லுங்க.”

ஜெனோவா கையைப் பிசைந்தாள்.

“எனக்கு மேசைன்னா பயமில்ல. நாற்காலிதான் பயம்.”

மாஸ்டர் சிரிக்கவில்லை.

ஸ்நூக்கரில் அப்படி ஒன்று உண்டு. எதிராளி ஆடும்போது நாம் நம் நாற்காலியில் உட்கார வேண்டும். அவள் பந்தைக் குழியில் போட்டுக்கொண்டே இருந்தால் நாம் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும். பேசக் கூடாது. கூட வந்தவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். அவர்களும் பேசக் கூடாது. பேசினாலும் என்ன? தீபலும் இன்னொருத்தியும் பேசுகிற இந்தி ஜெனோவாவுக்குப் புரியாது. தூத்துக்குடியில் ஒரு கிளப்பில் மேசைத் துணிக்கு பிரஷ் போடப் போய், அங்கேயே ஆடக் கற்றுக்கொண்டவள் அவள்.

“நாற்காலியில உட்கார்ந்து என்னத்தப் பாப்பீங்க?”

“காலைப் பாப்பேன்.”

“சொல்லியிருந்தா மருதாணியாவது போட்டு விட்டிருப்பேன்ல?”

“கேலி பண்ணாதீங்க மாஸ்டர். எங்க வீட்டுக்காரர் போனப்புறம், சாயங்காலம் லைட்டுகூடப் போடாம உட்கார்ந்திருப்பேன். அதே மாதிரி இருக்கு. ரெண்டு பேர் ஆடுற ஆட்டம்னுதான் சொல்றாங்க. நான் ஒருத்திதான் இருக்கேன் அங்க.”

“எதிர் நாற்காலி?”

“அதுல ஆளே இருக்காதே. அவ எந்திரிச்சு ஆடுறப்பதானே நான் உட்கார்றேன்?”

“நீங்க ஆடுறப்ப?”

“ஆடுறப்ப யாரு நாற்காலியப் பாப்பா!”

மாஸ்டர் சீட்டை மடித்துப் பையில் போட்டாள். ஜெனோவாவின் முழங்கையைப் பிடித்து மண்டபத்துக்குக் கூட்டிப் போனாள்.

இடைவேளை. உள்ளே யாரும் இல்லை. மேசை மேல் விளக்கு மட்டும் எரிந்தது.

மாஸ்டர் தாய்லாந்துக்காரியின் நாற்காலியைக் காட்டினாள்.

“உட்காருங்க.”

“இது அந்தப் பொண்ணு நாற்காலி.”

“தெரியும். உட்காருங்க.”

நுனியில் உட்கார்ந்தாள். யாராவது வந்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தது. காலடியில் ஒரு டிஷ்யூ பேப்பர் கிடந்தது. யாரோ அதைத் திரித்துத் திரித்து நூலாக்கியிருந்தார்கள்.

“என்ன தெரியுது?”

“என் நாற்காலி தெரியுது.”

“அப்புறம்?”

“காலியா இருக்கு. அவ்வளவுதான்.”

மாஸ்டர் பேனாவை எடுத்தாள். சீட்டில் ஜெனோவா என்று எழுதினாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

“அநியாயம் மாஸ்டர் இது!”



தாய்லாந்து பிம்மை அனுப்பியது. ஒல்லியான பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். முதல் ஆட்டத்தில் ஜெனோவாவை நாற்காலியிலேயே உட்கார வைத்து ஜெயித்தவள் அவள்தான்.

இந்தத் தடவை ஜெனோவா நன்றாக ஆடினாள். சிவப்பு, கருப்பு, சிவப்பு, நீலம். புள்ளி ஏறிக்கொண்டே போனது. கயிற்றுக்கு அப்பால் தீபல் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

கடைசிச் சிவப்புக்குக் குனிந்தவள் என்ன நினைத்தாளோ, தலையைத் தூக்கி எதிரே பார்த்தாள்.

பிம் உட்கார்ந்திருந்தாள். மேசையைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எதையோ முணுமுணுத்தது. பாட்டோ, வேண்டுதலோ, அம்மாவோடு பேச்சோ.

ஜெனோவா அடித்தாள். சிவப்பு போகவில்லை.

போய் உட்கார்ந்தாள்.

பிம் எழுந்து வந்தாள். சிவப்பைப் போட்டாள். பிறகு ஒவ்வொரு நிறமாகப் போட ஆரம்பித்தாள். மஞ்சள் போனது. பச்சை போனது. பழுப்பு ரொம்பக் கஷ்டம், ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. அதற்கு முன்னால் பிம் இரண்டு தடவை மேசையைச் சுற்றி வந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். அதுவும் போனது.

நல்லா போட்டுட்டியே, பிள்ளே, என்று ஜெனோவா மனசுக்குள் சொன்னாள்.

நீலம். பிங்க்.

கருப்பு ஒன்றுதான் பாக்கி. யார் போடுகிறாளோ அவளுக்குத்தான் ஆட்டம்.

பிம் அடித்தாள். கருப்பு ஓடியது. குழியின் ஒரு உதட்டில் பட்டது, மறு உதட்டில் பட்டது, விழாமல் வாயிலேயே நின்றுவிட்டது. ஊதினால் விழும்.

“அய்யோ!”

சொன்னது ஜெனோவா.

பிம் குச்சியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு நடந்தாள். மேசையிலிருந்து அவள் நாற்காலிக்குப் பத்தடிகூட இருக்காது. அவ்வளவு தூரம் யாரும் நடந்து ஜெனோவா பார்த்ததில்லை.

ரெஃபரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஜெனோவா எழுந்திருக்கவில்லை.

கயிற்றுக்கு அப்பால் தீபல் இந்தியில் ஏதோ கத்தி, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ரெஃபரி இரண்டாவது தடவை கூப்பிட்டார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள்.

அப்புறம்தான் எழுந்தாள். குனிந்து அடித்தாள். கருப்பு விழுந்தது. மற்ற இருவரும் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது ஒன்றும் புரியவில்லை. அவர்கள் தோளுக்கு மேலே எட்டி அவள் பிம்மைத் தேடினாள். கூட்டம் மறைத்தது.

வெளியே வந்ததும் மாஸ்டர் கேட்டாள்.

“உசுரே போயிருச்சுக்கா எனக்கு. ரெஃபரி ரெண்டு தடவை கூப்பிட்டாரு. அந்த நாற்காலியில அப்படி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

“அந்தப் பிள்ள போய் உட்காரட்டும்னு இருந்தேன் மாஸ்டர்.”